தையல்காரரின் கவிதை

போட்டிக் கம்பெனி வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதியை அண்ணன் மேசைமேல் விசிறியடித்தார்.

“நம்ம அகராதி இன்னும் அச்சுக்கே போகல. அதுக்குள்ள அப்படியே போட்டுட்டான்! ‘பிளேஜியரைஸ்: பிறர் எழுத்தைத் திருடு. லத்தீன் மூலம், ஆள் கடத்துபவன். உதாரணம்: தையல்காரரின் கவிதையை மேயர் திருடிவிட்டார்.’ எல்லாம் நீ எழுதினது!”

ஆறு வருடம் கண் எரிய எழுதிய தங்கை அந்த உதாரணத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கிறது ரெண்டே பிரதி. ஒண்ணு என் பீரோவுல பூட்டியிருக்கு. இன்னொண்ணு பிழைதிருத்த உன் புருஷன்கிட்ட. வித்துத் தின்னது யாருன்னு வேற சொல்லணுமா?”

மூலையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த கணவன், அவள் ஒரு வார்த்தை சொல்வாளா என்று பார்த்தான். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

“அவன்மேல ஒரு கண் வையின்னு அப்பவே சொன்னேன்ல?”

“வெச்சேண்ணா. திருடனைப் பிடிக்க அகராதிக்காரங்க வைக்கிற பொறியை அவருக்கே வெச்சேன். ரெண்டு பிரதியிலயும் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வேற வேறயா அடிச்சேன்.”

“எந்த வார்த்தை?” அண்ணனின் குரல் இறங்கியது.

“அவர் பிரதியில அது பால்காரரோட கவிதை. தையல்காரர்னு இருந்தது உங்க பீரோவுல பூட்டியிருக்கிற பிரதியில மட்டும்தான்.”

அவள் கணவனின் பேனாவைக் கையில் எடுத்தாள்.

“அவர் திருடலைன்னு சொல்லணும்னா, நான் அவரைச் சந்தேகப்பட்டதையும் சொல்லியாகணுமே அண்ணா.”