நனைந்த கரிப்பெட்டி

"இவ ஓட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்துதான் இந்த லைட் எரியுது."

மெக்கானிக் ஷெட் வாசலில் காரை விட்டு முழுசாக இறங்குவதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார். ஓட்டிக்கொண்டு வந்த மகள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கைப் பார்த்தபடி இன்ஜினை அணைத்தாள்.

அவள் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபி செய்கிறவள். ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஊரின் இந்தக் கோடியில் ஒன்று என்றால் அடுத்தது அந்தக் கோடியில். கார் இல்லாவிட்டால் இரண்டு வீட்டைத் தாண்ட முடியாது.

அப்பா கணக்கு வாத்தியார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். மகள் ஓட்டும்போது செய்யும் தப்புகளை வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். பதினொன்று இருந்தன. கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொள்கிறாள் என்பது முதலாவது. பின்பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்பது ஏழாவது. அதையும் அவள் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

"தப்பு இவ மேலன்னு தெரிஞ்சா நாளையிலேர்ந்து சாவி என்கிட்ட. பாதி வழியில வண்டி நின்னா யாரு போறது?"

மெக்கானிக்குக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போய்விட்டது. இந்த மாதிரி அப்பாக்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வாத்தியாரை முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு, காரை உள்ளே கொண்டுபோனார். மகளும் கூடவே போனாள்.

ஸ்கேன் கருவியைச் செருகியதும், பெட்ரோல் ஆவி போகும் பாதையில் கோளாறு என்று காட்டியது. அவள் புரியாமல் பார்த்ததால் மெக்கானிக் விளக்கினார். டாங்கில் உள்ள பெட்ரோல் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது காற்றில் கலந்துவிடாமல் பிடித்துவைக்க அடியில் ஒரு கரிப்பெட்டி உண்டு. அந்தப் பெட்டி மூச்சுவிட ஒரு வால்வு. இப்போது எங்கேயோ மூச்சு அடைக்கிறது.

முதலில் டாங்க் மூடியைப் பார்த்தார். ரப்பர் வளையம் நன்றாக இருந்தது. வால்வுக்குத் தனியாகக் கரன்ட் கொடுத்தார். சமர்த்தாக மூடித் திறந்தது. பிறகு குழாய்க்குள் புகையைச் செலுத்தினார். ஓட்டை இருந்தால் அங்கே புகை எட்டிப் பார்க்கும். எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி மூச்சுவிடும் வாய் வழியாகவும் வரவில்லை.

காரைத் தூக்கி, கரிப்பெட்டியைக் கழற்றினார். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. இரண்டு மடங்கு கனம். கவிழ்த்தால் பெட்ரோல் சொட்டியது.

ஆவியை மட்டும்தான் இது குடிக்கும், பெட்ரோலையே குடிக்கவைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். பங்க்கில் குழாய் டக்கென்று தானாக நின்ற பிறகும் டாங்க் கழுத்துவரை ஊற்றுவதால் வருகிற வினை.

மகளின் முகம் மாறிவிட்டது. முன்னறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இதை அப்பாகிட்ட சொல்லியே ஆகணுமா?"

மெக்கானிக்குக்குப் பாவமாக இருந்தது.

"நான் பாத்துக்கறேன்மா. ஆனா நீ இனிமே முதல் டக்கோட நிறுத்திடணும்."

"சரிண்ணே. என் தப்புதான்" என்றாள்.

புதுப் பெட்டி மாட்டி முடித்ததும் அவர் வாத்தியாரிடம் போய், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், வால்வுக் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது என்று சொன்னார். ஓட்டுகிறவர்கள் பேரில் எந்தக் குற்றமும் இல்லை என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். வாத்தியார் தன் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஏழாவதை மட்டும் அடித்தார். மிச்சம் பத்து இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே சாவியை மகளிடம் நீட்டினார்.

அன்றைக்கு முழுக்க மெக்கானிக் விசிலடித்தபடி வேலை செய்தார். பொய்தான். ஆனால் ஒரு பெண் நிம்மதியாக வேலைக்குப் போவாள்.

பத்து நாள் கழித்து வாத்தியார் தனியாக வந்தார். ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார். மெக்கானிக்தான் என்னவென்று கேட்டார். பெட்ரோலை முதல் டக்குக்கு மேல் போடக் கூடாது என்று மகள் எங்கேயோ படித்ததாகச் சொல்கிறாளாம். அது நிஜமா என்று தெரிந்துகொள்ள வந்தாராம்.

பெண்ணை நோண்டி நோண்டிக் கேட்டிருக்கிறார் மனுஷன் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. இனி மறைத்துப் பயனில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நிஜம்தான் சார். அன்னிக்கு சிலந்தியும் இல்ல, கூடும் இல்ல. பெட்ரோலைக் கழுத்துவரை ஊத்தினதுல கரிப்பெட்டி ஊறிப்போச்சு. என் தப்புதான்னு உங்க பொண்ணே என்கிட்ட ஒத்துக்கிட்டா. தெரியாம செஞ்சிருக்கா சார், திட்டாதீங்க."

வாத்தியார் பக்கத்திலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஒத்துக்கிட்டாளா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ இதுவரைக்கும் பங்க் பக்கமே போனதில்ல தம்பி. தனியா போற பொண்ணு, வழியில எங்கேயும் நிக்க வேண்டாமேன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான் டாங்கை நிரப்பி வைக்கிறேன்."