ரெண்டே ரெண்டு நட்சத்திரம்

"எவன்டி அந்த ஆந்தை?"

அக்கா கத்திய கத்தலில், நாற்காலி வாங்க வந்து அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய மரச்சாமான் கடை. வாங்குவதும் விற்பதும் அக்கா. மூலை மேசையில் மடிக்கணினியோடு தங்கை. வேலை போய் எட்டு மாதம்.

"ஆந்தைங்கறது போட்டிக்காக வச்சுக்கிட்ட பேருக்கா. அந்த ஆளும் நம்மள மாதிரி ஆட்டம் செஞ்சவர்தான்."

மூன்று நாளில் ஒரு கணினி விளையாட்டைச் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம் ஒரு வாரம், கலந்துகொண்டவர்களே ஒருவர் ஆட்டத்தை ஒருவர் ஆடிப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டும். முதல் பத்துக்குள் வந்தால் ஒரு பெரிய நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிடும். தங்கை அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

இவர்கள் செய்தது, சந்தைப் பலகையில் சீட்டு இறக்கி ஆடும் பேர ஆட்டம். நிரலும் படமும் தங்கை. நாற்பது சீட்டும் அக்காவின் சரக்கு; ஆட்டத்தின் பக்கத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தது. 'முறைப்பு', 'பக்கத்துக் கடையில கேட்டேன்', 'எழுந்து போறேன்' என்று இருபது வருஷம் வாயால் பிழைத்த வித்தை மொத்தமும் அதில் இருந்தது.

பத்தொன்பது பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். 'சீட்டுப் படங்கள் கொள்ளை அழகு!' என்று அதில் பாதிப் பேர். காலையில் ஒன்பதாவது இடம். ஆந்தை ரெண்டு போட்டதும் பன்னிரண்டு.

"அவனுக்கு நீ எத்தனை போட்டே?"

"அஞ்சுக்கா."

"நன்றி கெட்டவன்! ரெண்டு பக்கத்துக்குக் குறை வேற. 'எழுந்து போறேன் சீட்டுக்குப் பலம் அதிகம்'னு அளந்திருக்கான். படத்தைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"கடைசியில நம்பர் போட்டிருக்கார்க்கா. 'தனியாப் பேசணும், ஆறு மணிக்குள்ள கூப்பிடுங்க'ன்னு."

ஆறு மணியோடு மதிப்பீடு முடிகிறது. மணி மூன்று.

"அப்படி வா வழிக்கு! பேரம் பேசறான். யார்கிட்ட? என்கிட்ட!"

அக்கா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க சார், ரெண்டை அஞ்சாக்க உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா." நிதானமான, வயசான குரல். "உங்க ஆட்டத்துல சீட்டே தெரியலை. அதைச் சொல்லத்தான்."

"என்னது?"

"பலகை வருது. சீட்டு வர்ற இடத்துல வெறும் வெள்ளைக் கட்டம். படங்களைச் சேர்க்காம ஏத்திட்டீங்க போல. உங்க கணினியில படம் இருக்கு, உங்களுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. அதை எல்லாரும் பார்க்க எழுதினா அப்புறம் ஒருத்தரும் திறக்க மாட்டாங்க. அதான் தனியா."

தங்கை ஓடிப்போய் பில் போடும் கணினியில் ஆட்டத்தைத் திறந்தாள். வெள்ளைக் கட்டம். முகம் செத்துப்போயிற்று.

"சீட்டே தெரியாம ரெண்டு பக்கம் எப்படி எழுதினீங்க?" அக்கா விடவில்லை.

"விதிப் பக்கத்துல நாப்பது சீட்டோட பேரும் பலனும் இருந்துச்சே. பழைய காலண்டரை வெட்டி, பின்பக்கம் எழுதிக்கிட்டு, நானும் என் வீட்டுக்காரியும் ஆறு ஆட்டம் ஆடினோம். ஆறும் அவதான் ஜெயிச்சா, அந்த 'எழுந்து போறேன்' சீட்டை வச்சே. நாலாவது ஆட்டத்துல நிஜமாவே எழுந்து போயிட்டா."

அக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்ல ஆட்டம்மா. கோளாறைச் சரிபண்ண இன்னும் அனுமதி இருக்கு. உங்க தங்கச்சியைப் படத்தைச் சேர்த்து ஏத்தச் சொல்லுங்க. ஆடிப் பார்த்துட்டு ஆறுக்குள்ள மாத்திப் போடறேன்."

தங்கை மடிக்கணினிக்குத் திரும்பி, படபடவென்று தட்ட ஆரம்பித்தாள்.

அக்காவின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "அப்போ அந்தப் பத்தொன்பது பேரு? பார்க்காத படத்தையா கொள்ளை அழகுன்னானுங்க? ஒரு நாற்காலியை ஆட்டிப் பார்க்காம நான் விலை சொன்னதுண்டா? திருட்டுக் கூட்டம்!"

"விடுங்கம்மா. நான் போட்டிக்கு என் ஆட்டத்தோட பேரை மட்டும்தான் பதிஞ்சேன். ஆட்டத்தை ஏத்தறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. அதுக்கும் ஒருத்தர் அஞ்சு போட்டு, 'விடாம ரெண்டு மணி நேரம் ஆடினேன்'னு எழுதியிருக்காங்க."

"அடப்பாவி! யாரது? பேரைச் சொல்லுங்க சார், நானே கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்!"

தட்டச்சுச் சத்தம் நின்றது.

தங்கை திரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பேரு ஞாபகம் இல்லைம்மா," என்றார் ஆந்தை. "உங்க தங்கச்சியை நிறுத்தாம வேலையைப் பார்க்கச் சொல்லுங்க."