கொழுப்புக்கு மருந்து

"ஒரே ஒரு முட்டை பொரிச்சுத் தாயேன்."

"ரத்தத்துல கொழுப்புன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? உங்க கொழுப்பு எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்."

வேதியியல் வாத்தியார் சிரித்தபடி முழங்கையைச் சொறிந்தார். புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையாம். மூன்று மாதமாக அவருக்கு எண்ணெய் கிடையாது. மனைவி பழச்சாற்றில் மருந்துப் பொடியைக் கலக்கினாள்.

"இது கரையவே மாட்டேங்குதே!"

"கரையாது, ரத்தத்துலயும் சேராது. குடல்ல பித்தத்தைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டுப் போயிடும். புதுப் பித்தம் செய்ய ஈரல் ரத்தத்துக் கொழுப்பை எடுத்துக்கும். பாடம் முடிஞ்சுது. இப்பவாவது முட்டை?"

"வேகவச்ச காய்தான்."

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். இன்னும் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டுமோ என்று அவள் அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து, பிரிக்காத பொட்டலங்களோடு மருந்துக்கடைக்குப் போனாள்.

"கொலஸ்ட்ரால் இருக்கற யாருக்காவது குடுத்துடுங்க, தம்பி."

கடைக்காரர் தயங்கினார். "அக்கா, சாருக்கு இதை அரிப்புக்காகத்தான் எழுதினாங்க. ஈரல்ல கட்டி. பித்தம் தேங்கினா உடம்பெல்லாம் அரிக்கும்."

"கட்டியா?"

"முத்திப்போச்சு, இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சார் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

மேசை இழுப்பறையிலிருந்து மருந்துச் சீட்டின் நகலை எடுத்து நீட்டினார். மருந்தின் பெயருக்குக் கீழே மருத்துவர் எழுதியிருந்ததை அவள் இரண்டு முறை படித்தாள்.

"உணவில் கட்டுப்பாடு இல்லை. ஆசைப்பட்டதைச் சாப்பிடலாம்."