கயிறு கட்டிய கல்

காலை ஏழரை மணி. புத்தர் கோயிலின் பின்தோட்டத்துக்குப் போகும் அறுபத்திரண்டு நடைகற்களில் முதலாவதன் மேல், கறுப்புக் கயிறு கட்டிய சின்னக் கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. தோட்டக்காரர் உகிதா துடைப்பத்தோடு நின்றுவிட்டார்.

கியோட்டோவில் இதற்கு மேல் ஒரு பூட்டு தேவையில்லை. இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். யாரும் தாண்ட மாட்டார்கள்.

உகிதா அதை வைக்கவில்லை. பெரிய பிக்கு வைத்திருப்பார் என்று நினைத்தார். அவரிடம் போய்க் கேட்பது மரியாதையில்லை.

மேட்டின் மேல் இருக்கும் பின்தோட்டத்தை இரண்டு மாதமாக அவரால் சரியாகக் கூட்ட முடியவில்லை. முழங்கால் வலி. ஆபரேஷன் ஜனவரியில்தான். அதற்குள் கோயில் கமிட்டி பார்த்துவிட்டால் வேலை போய்விடும்.

"என்னண்ணே, பின்பக்கம் மூடியாச்சா?" டிக்கெட் ஜன்னலிலிருந்து தோமிகோ கேட்டாள்.

"மேலிடத்து முடிவும்மா."

பெரிய பிக்குவும் அன்று கல்லைப் பார்த்தார். உகிதா வைத்திருப்பார், ஏதோ காரணம் இருக்கும் என்று அவரும் கேட்கவில்லை.

உகிதாவின் நேரமெல்லாம் முன்தோட்டத்துக்கே போனது. பாசியில் ஒரு சருகு கிடையாது. வெள்ளைச் சரளையில் சீப்பு வாரியது போல வரிகள். மேப்பிள் சிவந்ததும் கூட்டம் வந்தது. கல்வரை நடந்து, எட்டிப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்பியது.

நவம்பர் இருபதாம் தேதி கமிட்டி வந்தது. ஐந்து பேர். தலைவர் தெரானிஷி, கோயில் தெருவில் ஊறுகாய்க் கடை வைத்திருப்பவர்.

"யோவ் உகிதா! உன் நடையைப் பாத்தா நத்தையே ஜெயிச்சிடும் போலிருக்கே! அறுபத்தெட்டு வயசுல உனக்கு எதுக்குய்யா துடைப்பம்?"

"முடியறவரைக்கும் செய்யறேங்க."

"பின்தோட்டத்துல சருகு மண்டிக் கிடக்குன்னு ஊரே பேசுது. அதைப் பாத்துட்டுத்தான் உன் வேலையை நீட்டிக்கறதுக்குக் கையெழுத்து. வாங்கய்யா எல்லாரும்!"



ஐந்து பேரும் விறுவிறுவென்று நடந்தார்கள். முதல் நடைகல்லில் அப்படியே நின்றார்கள்.

"ஒரு எட்டு தாண்டிப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றார் ஒருவர் மெல்ல.

"கட்டி வெச்ச கல்லைத் தாண்டுவியா? உங்கப்பா தாண்டியிருப்பாரா?" தெரானிஷி அவர்மேல் பாய்ந்தார். "சே, வந்தது வீண். கண்ணால பாத்ததை வெச்சுத்தானே எழுத முடியும்?"

கண்ணால் பார்த்தது முன்தோட்டம். ஐவரும் அதன் எதிரே வராந்தாவில் உட்கார்ந்தார்கள்.  கடைசியில் ஒருவர் பெருமூச்சு விட்டு, "இந்தக் கை இல்லாம இந்தத் தோட்டம் ஏது?" என்றார்.

உகிதாவின் வேலை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

"அடுத்த வருஷமும் இந்த நத்தையோட மல்லுக்கட்டணும்!" தெரானிஷி வாசல் தாண்டும்வரை முனகிக்கொண்டே போனார்.

"மனுஷனா இவரு?" தோமிகோ ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

ஜனவரி பதினாறாம் தேதி, ஆஸ்பத்திரியில் உகிதாவைப் பார்க்கப் போகுமுன் தோமிகோ ஊறுகாய் வாங்கத் தெரானிஷியின் கடைக்குப் போனாள். ஜாடிகளுக்குப் பின்னால், கறுப்புக் கயிறு கட்டி, முடிச்சு கோணலாகிப்போன ஏழு சின்னக் கற்கள் கிடந்தன.