நான்கு பெட்டி கேசட்

"அக்கா, எல்லாத்தையுமா போடப் போறே? மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமே!"

"கேட்டா மட்டும் சரின்னு சொல்லிடுவாரா? நீ அந்தப் பக்கம் பிடிடி."

தங்கை பிடித்தாள். இருப்பதிலேயே நாலாவது அட்டைப்பெட்டிதான் கனம். ஒவ்வொரு படியாக இறக்கி, இருவருமாகத் தெருவோரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தனையும் கேசட்டுகள். ஒவ்வொரு உறையின் ஓரத்திலும் கச்சேரி நடந்த இடம், தேதி, பாட்டு ஓடிய நேரம். எல்லாம் அவள் கணவனின் குண்டுக் கையெழுத்து. லிப்ட் மெக்கானிக்காக இருந்தாலும் எழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கும்.

'வழிப்போக்கர்கள்' குழுவின் கச்சேரிகள் அவை. மேடையேறிவிட்டால் பாட்டை எங்கே கொண்டுபோய் முடிப்பார்கள் என்பது அந்த ஐந்து பேருக்கே தெரியாது. ஒரே பாட்டை நாற்பது நிமிடம் இழுப்பார்கள். மறுநாள் அதே பாட்டு வேறொரு பாட்டாகியிருக்கும். அதனால் ரசிகர்கள் ஒரு கச்சேரியையும் விடமாட்டார்கள். மைக்கை நீட்டிப் பதிவு செய்துகொண்டு, ஆளுக்கு ஆள் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொள்வார்கள்.

அவளும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவள்தான். பாட்டு எப்போது முடியும் என்று பக்கத்தில் நின்றவனிடம் ஒரு டீ பந்தயம் கட்டித் தோற்றாள். அவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத் தேதியைக்கூடக் குழுவுக்குக் கச்சேரி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவன் குறித்தான்.

மகள் பிறந்தாள். நடக்க ஆரம்பித்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினான். சனி, ஞாயிறு வந்தால் போதும், அப்பாவும் மகளும் கிளம்பிவிடுவார்கள். அம்மாவுக்குத்தான் முடியாது. லாண்டரியில் இஸ்திரி வேலை. அந்த இரண்டு நாளும் துணி மலையாகக் குவியும்.

மகளின் ஒன்பதாவது வயதில், மழை கொட்டிய ஒரு கச்சேரி. வீட்டுக்கு வந்தவளுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தக் காய்ச்சலுக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. மகளின் படங்களைத் தன் கையாலேயே கிழித்தாள். துணிமணிகளைத் தானமாகக் கொடுத்தாள்.

"இனிமே இந்த வீட்டுல அவ பேரை எடுத்தீங்க, நான் உயிரோட இருக்க மாட்டேன்."

கணவன் எடுக்கவில்லை. வேலை முடிந்து வருவான், பின்னறைக்குப் போவான், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேசட்டைப் போடுவான். இரண்டு வருடமாக இதுதான்.

"நேத்து கதவு இடுக்கு வழியாப் பார்த்தேன்டி," என்றாள் தங்கையிடம். "ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்குறாரு. முகம் பூரா சிரிப்பு. புள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டு இந்த மனுசனுக்கு எப்படிடி சிரிப்பு வருது?"

தங்கை லாரி வருகிறதா என்று தெருமுனையை எட்டிப் பார்த்தாள்.

குப்பை லாரி வந்து நின்றது. லாரிக்காரர் ஒரு கேசட்டை எடுத்துப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு? யாருக்காவது குடுக்கலாமே."

"உள்ளே போடுங்க."

குப்பையை நசுக்கும் இரும்புத் தட்டு மெல்ல இறங்கியது. நாலு பெட்டியும் நொறுங்கிய சத்தம் தெருமுனைவரை கேட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்தது போலிருந்தது அவளுக்கு.

மாலையில் கணவன் வந்தான். கருவிப் பையை வைத்துவிட்டு, விரலிடுக்கு கிரீஸ் போகக் கை கழுவினான். பின்னறைக்குள் போனான். அவள் சமையலறை வாசலில் தயாராக நின்றாள்.

"எங்கே?"

"நொறுக்கியாச்சு. லாரியில போயாச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான்! என் புள்ளைக்கு எமனா வந்த பாட்டை இன்னும் எத்தனை நாள் வச்சுக் கொஞ்சுவீங்க?"

"மெஷினுக்குள்ள ஒண்ணு இருந்துச்சே?"

"அதையும் எடுத்துட்டேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அதற்கு மேல் கத்த இரண்டு வருடத்துப் பேச்சைச் சேர்த்தும் வைத்திருந்தாள். அவனோ சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு மாடி உயரத்தில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவன். அவன் இப்படிச் சரிந்து உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

அவளுக்குக் கோபம் வடிந்துவிட்டது. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? உங்க கூட்டாளிங்க அத்தனை பேரும்தானே அன்னன்னிக்கு ரெக்கார்டு பண்ணாங்க? ஒரு பிரதி கேட்டா தரமாட்டாங்களா? நானே போய்க் கேட்டு வாங்கித் தர்றேன். போதுமா?"

அவன் இல்லையென்று தலையை அசைத்தான்.

"பாட்டு எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா என் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நம்ம பாப்பாதானே? ஒவ்வொரு பாட்டு முடியிறப்பவும், 'அம்மா இந்நேரம் என்னப்பா பண்ணிட்டிருப்பா?'ன்னு கேப்பா..."