காலி பெஞ்சு

"நில்லும்மா. பிள்ளைக்கு மூச்சு இப்படி இழுக்குதே, எங்க தூக்கிக்கிட்டுப் போற?"

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து டாக்டர் சாவித்திரி கேட்டாள். சாலையில் போய்க்கொண்டிருந்த அம்சவல்லி நின்றாள். அவள் தோளில் நாலு வயது மகள் துவண்டு கிடந்தாள்.

"கும்மோணம் பெரியாஸ்பத்திரிக்குங்க. பஸ் வர்ற நேரம்."

"இங்கயே ஆஸ்பத்திரிய வச்சுக்கிட்டு கும்மோணமா? பைசா வாங்க மாட்டோம். உள்ள வா."

"வேணாங்க டாக்டரம்மா."

வெளிநாட்டுச் சங்கம் ஒன்று சித்திரையில் திறந்த ஆஸ்பத்திரி அது. ஐப்பசியும் வந்துவிட்டது. மருந்து அலமாரி நிறைந்திருந்தது. வராந்தா பெஞ்சு காலியாகவே கிடந்தது. மிராசுதார் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் வருவதில்லை. கீழத்தெருக் கூலி சனங்களுக்காகக் கட்டியது. அவர்களில் ஒருவர்கூட வாசலை மிதிக்கவில்லை.

"இதுங்களுக்கு மந்திரிச்சாத்தாங்க நம்பிக்கை" என்றார் கம்பவுண்டர் பஞ்சநதம்.

கும்பகோணத்தில் மந்திரிக்கவா போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் சாவித்திரி. பையை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தாள்.

"நீ உள்ள வரவேண்டாம். நான் வெளிய வரலாமில்ல?"

அம்சவல்லி ஒரு கணம் யோசித்தாள். "ரோட்டுலன்னா பாருங்கம்மா."

சாலையோர மதகுக் கட்டையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். சாவித்திரி நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தாள். மார்ச்சளி முற்றியிருந்தது. ஊசி போட்டபோது பிள்ளை அழுதது. அம்சவல்லி அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மருந்துப் புட்டியையும் மறுக்காமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கும்மோணம் போக வேண்டாம். நாளைக்கும் ஒரு ஊசி போடணும். வந்துடு."

"இதே மதகுக்கு வர்றேங்க."

"என் கையால ஊசி போட்டுக்கலாம், உள்ள மட்டும் வரக்கூடாதா? இங்க என்ன குறை? நானா, கம்பவுண்டரா?"

"ஒரு குறையும் இல்லைங்க. நீங்க நல்லவங்க."

"போன வாரம் உங்க தெருப் பொண்ணு ஒருத்தி பஸ்ஸுலயே பிள்ளை பெத்தாளாமே?"

"என் நாத்தனாதாங்க. பிள்ளை தங்கலை."

சாவித்திரி அவள் பக்கத்தில் மதகில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இங்க ஆஸ்பத்திரி வேணும்னு உங்களைக் கேட்டுத்தானே கட்டினாங்க?"

"எங்களை யாரு கேட்டா?"

"உங்க ஊர் சார்பா மிராசுதார் சாரங்கபாணிதானே கமிட்டியில இருக்காரு? இடமே அவரு இனாமாக் குடுத்ததுதான்."

அம்சவல்லி பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள்.

"இதைக் கேளு. தை மாசம் சங்கத்து ஆளுங்க சீமையிலேர்ந்து வர்றாங்க. காசு குடுத்தவங்களுக்கு அவங்க பதில் சொல்லணும். பெஞ்சு இப்படியே காலியாக் கெடந்தா ஆஸ்பத்திரிய மூடிட்டுப் போயிடுவாங்க. நிசமாத்தான் சொல்றேன்."

அம்சவல்லி முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுத்தி இருக்கிற இந்த ரெண்டு வேலி நஞ்சையும் உச்சவரம்புச் சட்டத்துல எங்க தெருவுக்கு வந்திருக்க வேண்டிய நிலம்மா. இது ஏழைங்க தெனம் வந்துபோற ஆஸ்பத்திரிக்கு விட்ட நிலம்னு கோர்ட்டுல சொல்லித்தான் மிராசுதாரு அதைத் தடுத்து வச்சிருக்காரு" என்றவள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "எப்ப மூடுவாங்கன்னுதாம்மா நாங்களும் காத்துக்கிட்டிருக்கோம்."