குசும்பு

பத்து நாளாக சிவப்பிரகாஷ் வேறொருத்தியின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் குளிக்கப் போகிறான். அதே குரலைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறான்.

அவன் மனைவி யோகப்பிரியாவும் பாடுகிறவள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வாளையாரில் லாரி எடைமேடையில் அவனுக்கு வேலை. தேயிலை ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் போட்டுக் காட்டிய பாட்டாம். பாடுகிறவள் பெயர் மாரீஸ்வரி. வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். பாட்டை அவளே எழுதி, மெட்டும் அவளே போட்டு, அடுப்படியில் உட்கார்ந்து போனில் பாடிப் போடுகிறாள்.

“வரி ஒவ்வொண்ணும் எப்பிடி எழுதியிருக்குது பாரு புள்ள. இதப் போயி எம்பத்தேழு பேருதான் பாத்திருக்காங்க. உன்ற சேனல்ல ஒருக்காப் போட்டு உடேன். நாலு பேரு கேக்கட்டும்.”

யோகப்பிரியாவின் சேனலுக்கு நாற்பதாயிரம் பேர். பட்டுப்புடவை கட்டி, பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடிப் போடுவாள். சேனலுக்கு ‘சித்தூர்க் குயில்’ என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

“சுருதி நிக்கலீங்க. நாம் போட்டா என்ற பேரு கெட்டுப்போகும்” என்றாள்.

சுருதி நன்றாகவே நின்றது. அவன் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அவளும் கேட்டாள். கூடை நனைந்தால் கூடும் கனத்தை ஒரு பாட்டு சொன்னது. காலில் ஏறிய அட்டையை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுத் திட்டியது இன்னொன்று. இதையெல்லாம் பாட்டாக்கலாம் என்று இவளுக்கு யார் சொன்னது? கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. எரிய எரிய மறுபடியும் கேட்டாள்.

எண்பத்தேழு நூற்றுப்பத்தானது. கூடிய இருபத்துமூன்றும் அவள் கணக்குதான்.

வெள்ளிக்கிழமை புதுப்பாட்டு ஒன்று வந்தது. தலைப்பு, ‘குசும்பு’.

*சித்தூருக்காரி பாடயில ஆயிரம் பேரு தலையாட்ட,*
*நான் பாடக் கேட்டு நாய்கூட எந்திரிச்சுப் போக,*
*குசும்பு, எனக்குக் குசும்பு...*

அதற்கு மேல் கேட்க யோகப்பிரியாவால் முடியவில்லை. நிறுத்திவிட்டாள். அவள் பொள்ளாச்சிக்காரி. கல்யாணமாகி, எல்லை தாண்டி இந்த மலையாளத்துச் சித்தூருக்கு வந்து ஒரு வருஷம்தான். அவள் ஊரில் குசும்பு என்றால் நக்கல்.

கொழுந்து எடுக்கிறவளுக்கு என்னை நக்கலடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா?

புகார் கொடுக்க ஒரு படிவம் இருந்தது. நக்கலடித்தாள் என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனவே வேறொன்றை எழுதினாள். ‘இந்த மெட்டு என்னுடையது. கேட்காமல் எடுத்துவிட்டார்.’ கீழே தன் முழுப்பெயரையும் சேனல் பெயரையும் போட்டு அனுப்பினாள்.

திங்கட்கிழமை பாட்டைக் காணவில்லை.

சாயந்தரம் வந்ததும் வராததுமாக சிவப்பிரகாஷ் போனைத் துழாவினான். நல்ல பாட்டை யார் எடுத்தார்கள் என்று புலம்பினான்.

“போனாப் போகுதுங்க. நம்மளத்தான நக்கலடிச்சிருந்தா?”

அவன் சிரித்தான். “நக்கலா? அவங்க பேசற தமிழ்ல பாதி மலையாளம் புள்ள. அங்க குசும்புன்னா பொறாமை. உன்னயப் பாத்துப் பொறாமையா இருக்குதுன்னு அவளே பாடறா. இப்பிடி யாரு வெளிய சொல்லுவாங்க? கடைசியில, அந்தக் குரலுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு சாமி கும்புட்டு முடிச்சிருப்பா. நீ முழுசாக் கேக்கலயா?”

புகாரைத் திரும்ப வாங்க வழி இருக்கும். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று யோகப்பிரியா எழுந்தாள்.

அதற்குள் அவன் கையிலிருந்த போனில் அந்தக் குரல் கேட்டது. மாரீஸ்வரி புதிதாக எதையோ போட்டிருந்தாள். பாட்டில்லை, பேச்சு. தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“சித்தூர் அக்கா மெட்டை நான் எடுத்துட்டேன்னு புகார் வந்திருக்கு. அக்கா பொய் சொல்ல மாட்டாக. தெனமும் அவுக பாட்டைக் கேட்டுக் கேட்டு, எனக்கே தெரியாம எடுத்திருப்பேன் போல. எது என்னுது, எது அவுகளுதுன்னு இப்ப எனக்கே புரியல. மன்னிச்சிருங்கக்கா. இனிமே நான் மெட்டுப் போடல.”

திரை அணைந்தது.

சிவப்பிரகாஷ் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. பெருமைதான் பொங்கியது.

“அந்த மெட்டு உன்னுதா? எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லல பாத்தயா” என்றபடி நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “எங்க, அந்தப் பாட்ட நீ பாடு. கேக்கறேன்.”